செம்பிற் கீறிய திருக்காட்சிகள்

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பின்னே விட்டு மேற்கு நோக்கிச் செல்வார்க்குப் பழனிமலைத் தொடர் நீல வரம்பெனத் தோன்றும். அதற்கும் நகருக்கும் இடைப்பட்ட சமவெளியில், சோளக் கொல்லைகளுக்கும் மல்லிகைத் தோட்டங்களுக்கும் நடுவே, எம் ஊர்க் கோயில் நிற்கின்றது. ஓடு வேய்ந்த சிறு கோயில். அதன் இரு பக்கச் சுவர்களிலும் பக்கத்திற்கு ஏழாகச் சிலுவைப் பாதைப் படங்கள் பதினான்கு தொங்கின. யாவும் அயல்நாட்டில் அச்சிடப்பெற்று வந்தவை. எம் பாட்டனார் பிறப்பதற்கு முன்னரே வந்தவை என்பர் ஊரார்.

சென்ற கோடை விடுமுறையிற் கோயிலுக்கு வெள்ளையடிக்கும் பொருட்டு அப்படங்களைச் சுவரினின்று இறக்கினர். ஆறாம் நிலைப் படம் கறையானுக்கு இரையாகிச் சட்டத்தினின்று பொடிப்பொடியாய் உதிர்ந்தது. எஞ்சிய பதின்மூன்றையும் மீண்டும் மாட்டுவதா, அன்றி அடியோடு அகற்றிப் புதியன வாங்குவதா என்று ஊர்க்கூட்டத்தில் வழக்கு எழுந்தது. இளைஞர் பலர் அகற்றுவதே தக்கது என்றனர். 'வெண்ணிற முகங்களும் பொன்னிறத் தலைமயிரும் நமக்கு எதற்கு? கிறிஸ்து பெருமான் பிறந்தது ஆசியாவில் அன்றோ? அவரை ஐரோப்பியராக்கி நம் சுவரில் மாட்டியது அடிமை நாளின் எச்சமே' என்று உரக்கப் பேசியவர் யாமே. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் ஓராண்டு பயின்ற செருக்கு எம்மை அங்ஙனம் பேச வைத்தது.

கூட்டத்தின் ஓரத்தில் தூணருகே அமர்ந்திருந்த எம் அப்பத்தா மெல்ல எழுந்து, "எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாதுய்யா. அந்தப் பதினாலு படந்தான் எனக்கு வேதம். அதைக் கழட்டிட்டா நான் எதைய்யா படிக்கிறது?" என்றார். கூட்டம் அமைதியுற்றது. எமக்கும் மறுமொழி எழவில்லை. முடிவு கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

கல்லூரிக்கு மீண்டதும், திருமறைக் காட்சிகள் அச்சுப் படங்களாகி உலகெங்கும் பரவிய வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். நூலகத்து நூல்களும், பல நாட்டு அருங்காட்சியகங்கள் இன்று கணினி வாயிலாகக் காட்டும் படிவங்களும் துணை செய்தன. யாம் அறிந்தவற்றை நம் மாணவ அன்பர்க்கும் ஆசிரியப் பெருமக்கட்கும் பழைய மாணவர்க்கும் ஈண்டு எடுத்துரைக்கின்றோம். எம் கருத்து எவ்வாறு மாறிற்று என்பதனையும் மறையாது கூறுவோம்.

முதற்கண், இப்படங்கள் ஆக்கப்பட்ட முறையை அறிதல் வேண்டும். பழைய அச்சுப் படங்களுள் தலையாயவை இருவகை. ஒன்று மரக்கட்டைப் படம். கட்டையின் மேல் உருவத்தை வரைந்து, கோடுகள் மட்டும் மேடாய் நிற்க, ஏனைய இடத்தைக் குடைந்து நீக்குவர். மேட்டில் மையைத் தடவித் தாளில் ஒற்றுவர். துணியில் அச்சுக்கட்டை கொண்டு பூவேலை பதிப்பாரைக் கண்டவர்க்கு இது புதிதன்று. மற்றொன்று செப்புத் தகட்டுப் படம். இதன் முறை முன்னதற்கு நேர்மாறானது. இங்கே கோடு மேடன்று, பள்ளம். மழமழப்பாக மெருகிட்ட செப்புத் தகட்டில், கூரிய முனையுடைய சிறிய எஃகு உளியை உள்ளங்கையால் தள்ளிக் கோடு கீறுவர். வளைகோடு வேண்டின் உளியைத் திருப்பாமல், தோல் மெத்தையின்மேல் வைத்த தகட்டையே திருப்புவர். கீறி முடிந்ததும் தகடு முழுதும் மையைப் பூசிப் பின் துடைத்துவிடுவர். மேற்பரப்புத் தூய்மையாகும், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து இரண்டு உருளைகளினிடையே செலுத்தினால், அவ்வழுத்தத்தால் தாள் பள்ளத்துட் புகுந்து மையைக் கவர்ந்துகொண்டு வரும்.

இதனைப் படித்த அளவில் எமக்கு நம் ஏட்டுச் சுவடிகளே நினைவிற்கு வந்தன. பனையோலையில் எழுத்தாணியால் எழுதுவோர் மையால் எழுதுவதில்லை, கீறுகின்றனர். பின்னர் விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் கலந்து ஓலையின்மேற் பூசித் துடைக்கின்றனர். கீறலில் மட்டும் கரி நிற்க, எழுத்துப் புலனாகின்றது. இதனையே மையாடுதல் என்றனர் முன்னோர். பள்ளத்தில் மையை நிறுத்தும் நுட்பம் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிச் சிறுவனும் அறிந்ததே. இனிச் செம்பிற் கீறுதலும் நமக்குப் புதிதன்று. பாண்டியர் தம் கொடைகளைச் செப்பேடுகளிற் பொறித்தனர். எம் ஊருக்குத் தென்மேற்கே உள்ள சின்னமனூரின் செப்பேடுகள் புகழ் வாய்ந்தவை. ஆனால் ஓலையிலும் செம்பிலும் கீறிய நம்மவர், அக்கீறலில் நின்ற மையைத் தாளில் ஒற்றியெடுக்க முற்பட்டாரல்லர். அந்த ஓர் அடியே ஐரோப்பியர் முன்வைத்த அடி. அதன் பயனாக, ஒருவர் கீறிய ஓர் உருவம் நூற்றுக்கணக்கான உருவங்களாய்ப் பெருகியது.

இத்தொழிலைத் தொடங்கியவர் பெரும்பாலும் பொற்கொல்லர் மரபினர். 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மன் நாடுகளில், பொன் வெள்ளிக் கலங்களிற் பூவேலை செதுக்கிய கைகளே செப்புத் தகட்டையும் ஏற்றன. நியூரம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) ஒரு பொற்கொல்லரின் மகன். தந்தையின் பட்டறையிலேயே முதலிற் பயின்றவர். 1507 முதல் 1513 வரை அவர் கிறிஸ்துவின் பாடுகளைச் செப்புத் தகடுகளிற் சிறு படங்களாகச் செதுக்கினார். அவற்றுள் ஒவ்வொன்றும் உள்ளங்கையளவே. எனினும் அதனுள் இருளும் ஒளியும் துணியின் மடிப்பும் கண்ணீரும் அடங்கின. இத்தனைக்கும் செப்புத் தகட்டிற் சாம்பல் நிறம் என்பதொன்று இல்லை. கோடு உண்டு, கோடின்மை உண்டு; அவ்வளவே. நெருங்கிய கோடு நிழலாகும்; விலகிய கோடு ஒளியாகும்; கோட்டின்மேற் கோடு குறுக்கிட்டால் இருளாகும். திண்டுக்கல்லிற் பித்தளைத் தகட்டை அரத்தால் ராவிப் பூட்டுச் செய்யும் கம்மியரின் கையை உற்று நோக்கினார்க்கு, உலோகத்தின் முன் மயிரிழைப் பிழையும் எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

இன்னுமொரு நுட்பம் கருதத்தக்கது. தகட்டில் வலப்பக்கம் உள்ளது தாளில் இடப்பக்கம் விழும். ஆதலின் ஓர் அச்சுப் படத்தைப் பார்த்து அப்படியே மற்றொரு தகட்டிற் கீறினால், புதிய படம் இடவலம் மாறிவிடும். வலக்கையால் ஆசி கூறிய வானதூதர் பார்த்துச் செய்த படியில் இடக்கையால் ஆசி கூறுவார். எது மூலம், எது பார்த்துச் செய்த படி என ஆராய்வார்க்கு இஃது ஒரு நல்ல அடையாளம்.

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொழிலின் தலைநகராய் விளங்கியது பிளாண்டர்ஸ் நாட்டு ஆண்ட்வர்ப் துறைமுகம். அங்கே கிறிஸ்தோபர் பிளாந்தன் என்பவரின் அச்சகம் இருந்தது. அக்கட்டடம் இன்றும் அருங்காட்சியகமாய் நிலைத்து, 2005-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அவ்வூரிலேயே 1593-ஆம் ஆண்டில், நற்செய்திக் காட்சிகள் 153-ஐச் செப்புத் தகட்டுப் படங்களாகக் கொண்ட பெருநூல் ஒன்று வெளிவந்தது. அதனை வகுத்தவர் இயேசு சபைக் குருவாகிய ஜெரோனிமோ நடால். அவர் 1580-ஆம் ஆண்டிலேயே மறைந்தார்; தம் நூல் அச்சேறியதைக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. படங்களுட் பெரும்பகுதியைச் செதுக்கியவர் வீரிக்ஸ் என்னும் குடியிற் பிறந்த உடன்பிறந்தார் மூவர்.

நடாலின் படங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒவ்வோர் உருவத்தின் அருகிலும் ஓர் எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். படத்தின் அடியில் அவ்வெழுத்துகளின் வரிசையில் விளக்கம் இருக்கும். மரியன்னைக்கு மங்கள வார்த்தை கூறிய காட்சியை எடுத்துக்கொள்வோம். மேலே முகிலிடையே வானோர் கூட்டம் முதல் எழுத்து. கபிரியேல் இறங்கிவருதல் அடுத்தது. நாசரேத்து இல்லமும் அதனுள் மரியன்னையும் அதற்கடுத்தவை. அதே படத்தின் ஓரங்களில் ஆதாம் படைக்கப்படுவதும், கிறிஸ்து சிலுவையில் உயிர் துறப்பதும் சிறியனவாய்க் காணப்படும். காண்பவர் எழுத்தைப் பின்பற்றி விழியைச் செலுத்த, ஒரே தாளிற் காலம் மூன்றும் கடந்து செல்கின்றன. இது வெறும் அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. செபிப்பவர் முதலில் அந்நிகழ்ச்சி நடந்த இடத்தைத் தம் மனக்கண் முன் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கற்பித்த முறை. அம்மனக்கண்ணுக்கு ஊன்றுகோலாகவே இப்படங்கள் எழுந்தன. இதனைப் படித்தபொழுது, ஒவ்வொரு நிலையின் முன்னும் விரலைச் சற்றே உயர்த்தி, 'இவன் ஆணியடிக்கிறவன், இது அவங்க அம்மா, இது அழுகிற பொம்பளைங்க' என்று தமக்குள் முணுமுணுக்கும் அப்பத்தாவின் உருவம் எம் கண்முன் நின்றது. நடால் எழுத்திட்டுக் காட்டிய வழியை, எழுத்தறியாத அவர் விரலிட்டுக் கண்டிருந்தார்.

இனி, இப்படங்கள் நம் நாட்டிற்கு வந்த வரலாற்றைக் காண்போம். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், கொல்லத்தில், 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறு நூல் தமிழ் எழுத்திலே அச்சாயிற்று. அதனை ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சு வாகனம் ஏறிய முதற் பெருமை தமிழுக்கே உரியது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அது நிகழ்ந்து ஓராண்டும் சில திங்களும் கழிவதற்குள், வடக்கே மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது.

1580-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில், ருடால்பு அக்குவாவிவா, அந்தோனி மொன்செராத்து, பிரான்சிஸ் என்ரிக்கஸ் என்னும் குருமார் மூவர், அக்பர் பேரரசரின் அழைப்பிற்கிணங்கிப் பத்தேபூர் சிக்ரி சேர்ந்தனர். மார்ச்சுத் திங்கள் தொடக்கத்தில் அவர்கள் அரசருக்கு அளித்த காணிக்கை, பிளாந்தன் அச்சகத்திற் பல மொழிகளிற் பதிப்பிக்கப்பட்ட திருமறைத் தொகுதிகள். அரசர் தலைப்பாகையை நீக்கி, ஒவ்வொரு தொகுதியையும் முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார் என்று உடனிருந்த மொன்செராத்து எழுதிவைத்தார். அத்தொகுதிகளின் முகப்பில் செப்புத் தகட்டுப் படங்கள் இருந்தன. சிங்கமும் எருதும் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் பகை மறந்து ஒருங்கு நிற்கும் ஏசாயா தீர்க்கரின் காட்சி அவற்றுள் ஒன்று. சமயங்கள் பலவற்றையும் ஓரவையில் அமர்த்திக் கேட்ட அக்பரின் உள்ளத்தை அப்படம் தொட்டிருக்கும் என்று கருதுதல் மிகையாகாது.

தெற்கே அச்செழுத்து வந்தது. வடக்கே அச்சுப்படம் வந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில். தென்னாட்டார் எழுத்தைக் கொண்டு செய்தது நமக்குத் தெரியும். வடநாட்டு ஓவியர் படத்தைக் கொண்டு செய்தது என்ன?

அவர்கள் அதனை வணங்கி ஒதுக்கவில்லை; வெறுத்து விலக்கவுமில்லை. கையில் எடுத்துக்கொண்டு கற்றனர். அக்பரின் அவையோவியருள் தலைசிறந்த பசாவன், அத்திருமறையின் முகப்பிலிருந்த பெண்ணுருவம் ஒன்றைத் தழுவித் தம் கைவண்ணத்தில் வேறோர் உருவம் சமைத்தார். கேசுதாசர் என்னும் இந்து ஓவியர், ஹேம்ஸ்கெர்க் வரைந்து பிலிப் காலே செதுக்கிய தூய மத்தேயுவின் படத்தைப் பார்த்து, 1588-ஆம் ஆண்டளவில் அதனை வண்ண ஓவியமாக்கினார். இன்று அஃது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. மூலத்தில் இருந்தது கறுப்புக் கோடு மட்டுமே. செம்மையும் நீலமும் பொன்னும் எங்கே வைப்பது என்பதை ஆண்ட்வர்ப் அவர்க்குச் சொல்லவில்லை. அது கேசுதாசரின் முடிவு. 1600-ஆம் ஆண்டில், அபுல் ஹசன் என்னும் சிறுவன், டியூரரின் சிலுவைக் காட்சியில் நிற்கும் தூய யோவானின் உருவத்தைத் தூரிகையால் எழுதி, தன் பதின்மூன்றாம் அகவையிற் செய்தது என்று குறிப்பும் இட்டான். கைகளைப் பிணைத்துத் துயருற்று நிற்கும் அவ்வுருவில், உளியின் கோட்டைத் தூரிகை எத்துணை நுணுக்கமாய்ப் பின்பற்றியது என்பது வியப்பிற்குரியது. பிற்காலத்தில் அவன் ஜஹாங்கீரின் அவையிற் பெரும் புகழ் எய்தினான். அதே காலத்தில், 1595-இல் இலாகூர் சேர்ந்த ஜெரோம் சேவியர் அடிகளார் பாரசீக மொழியில் எழுதி 1602-இல் அக்பருக்கு அளித்த கிறிஸ்துவின் வரலாற்றிற்கும் மொகலாய ஓவியர் படம் வரைந்தனர்.

கிழக்கே சீனத்திலும் இவ்வாறே நடந்தது. 1619-ஆம் ஆண்டளவில் ஜோவான் தா ரோச்சா என்னும் குரு செபமாலை முறையை விளக்கிய சீன நூலுக்கு, நடாலின் படங்களைத் தழுவிப் பதினைந்து மரக்கட்டைப் படங்கள் செதுக்கப்பட்டன. அவற்றில் மரியன்னை மங்கள வார்த்தை கேட்பது ஐரோப்பிய மாளிகையில் அன்று; சீனப் புலவர் ஒருவரின் இல்லம் போன்ற அறையில். பின்னே மலையும் நீரும் தீட்டிய திரை நிற்கின்றது. 1637-ஆம் ஆண்டில் ஜூலியோ அலேனி வெளியிட்ட நூல் நடாலை இன்னும் நெருங்கிப் பின்பற்றியது.

அவ்வாறாயின் தமிழ்நாடு வாளாவிருந்ததோ என்று கேட்கலாம். இருக்கவில்லை, ஆனால் நம்மவர் கருவி உளியன்று, செய்யுள். வீரமாமுனிவர் 1726-ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணி 36 படலமும் 3615 செய்யுளும் உடையது. அதிலே யூதேயா நாடு வயலும் வாவியும் கரும்பும் கமுகுமாய், தமிழ்க் காப்பிய மரபின் நாட்டு வளமாய் விரிகின்றது. கேசுதாசர் வண்ணத்தாற் செய்ததை முனிவர் சொல்லாற் செய்தார். சூசையப்பருக்கு வளன் என்று பெயரிட்டதும் அவரே. அப்பெயரின் பொருளையே தமிழாக்கிய திறம் அது. திண்டுக்கல்லில் 1872-இல் கட்டி முடிக்கப்பெற்று, 2003-இல் மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலாகிய புனித வளனார் ஆலயத்தின் பெயரைச் சொல்லும்பொழுதெல்லாம், அறிந்தோ அறியாமலோ நாம் தேம்பாவணியின் சொல்லையே வழங்குகின்றோம். எபிரேயத்திற் பிறந்து, இலத்தீனில் வளர்ந்து, இத்தாலியர் ஒருவர் கையாற் றமிழான பெயரை எவரும் அயற்பெயர் என்று ஒதுக்குவதில்லை. பெயருக்குத் தந்த உரிமையைப் படத்திற்கு மறுத்தோமே என்று யாம் நாணினோம்.

எம் எண்ணத்தை முற்றும் திருப்பியது வேறொரு படம். ஆலந்து நாட்டு ரெம்பிராண்டு (1606–1669) செப்புத் தகட்டில் உளியினும் மிகுதியாக அமிலத்தைப் பயன்படுத்தியவர். தகட்டின்மேல் மெழுகுபோன்ற பூச்சிட்டு, ஊசியால் அப்பூச்சை மட்டும் கீறி, அமிலத்தில் இடுவர். ஊசி திறந்த வழியே அமிலம் செம்பை அரித்துப் பள்ளமாக்கும். ஆதலின் கோடு தாளில் எழுதுவதுபோற் றங்குதடையின்றி ஓடும். இப்பெருங் கலைஞர் கைக்கு, ஆலந்து வணிகக் கப்பல்களின் வழி வந்த மொகலாய ஓவியங்கள் எட்டின. அவற்றைப் பார்த்து அவர் வரைந்தவற்றுள் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. மரத்தடியிற் சமய ஞானியர் நால்வர் தரையில் அமர்ந்து உரையாடும் காட்சி அவற்றுள் ஒன்று. 1656-ஆம் ஆண்டில், ஆபிரகாம் வானதூதர் மூவர்க்கு விருந்தளித்த காட்சியை அவர் செம்பிற் பொறித்தபோது, ஐரோப்பிய மேசையும் நாற்காலியும் மறைந்தன. விருந்தினர் தரையில் விரிப்பின்மேல் அமர்ந்திருக்கின்றனர். உணவுக் கலங்கள் நடுவே உள்ளன. முதியவர் ஆபிரகாம் பணிந்து உபசரிக்கின்றார். அந்த அமர்வு மொகலாய ஓவியத்தினின்று போந்தது என்பது அறிஞர் துணிபு.

ஆண்ட்வர்ப்பிலிருந்து ஆக்ராவிற்குப் படம் வந்தது. ஆக்ராவின் கைவண்ணம் ஆம்ஸ்டர்டாமிற்குச் சென்று மீண்டும் திருமறைப் படமாயிற்று. இதில் எது அயலார் உடைமை? எது நம்முடையது? எழுபத்தாறு ஆண்டில் இரு கடல் கடந்து திரும்பிய ஒரு கோட்டை எந்த நாட்டுக் கோடு என்று கூறுவது?

எம் ஊர்ச் சுவரிலிருந்தவை செப்புத் தகட்டுப் படங்கள் அல்ல என்பதையும் கூறுதல் வேண்டும். சிலுவைப் பாதை பதினான்கு நிலைகளென 1731-ஆம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமெந்து உறுதி செய்தார். அதே நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியராகிய செனபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டார். அதன் பின்னர் வண்ணப் படங்கள் மலிவாயின. ஏழைச் சிற்றூர்க் கோயில்களும் அவற்றைப் பெற முடிந்தது. ஆயினும் அவற்றில் உருவங்கள் நிற்கும் நிலையும் கூட்டம் சூழும் முறையும் பழைய செப்புத் தகட்டுப் படங்களின் வழிவந்தவையே. இதே கல்லச்சு முறையைக் கொண்டு, ஜெர்மானியத் தொழில் வல்லார் துணையோடு, இரவிவர்மர் 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கு அச்சான இலக்குமியும் கலைமகளும் எம் ஊர் இந்து அன்பர் இல்லங்களிற் பூச்சூடி விளங்குகின்றனர். அப்படங்களை அயல்முறையில் வந்தவை என்று அவர்கள் கழற்றி எறிந்ததில்லை. நாள்தோறும் ஏற்றிய விளக்கே அவற்றை அவர்கள் இல்லத்தனவாக்கிற்று.

ஆயின் எம் பழைய கருத்து முழுதும் பிழையா? அங்ஙனமும் யாம் கருதவில்லை. வந்த படத்தை அப்படியே மாட்டிவைத்து, நூறாண்டாகியும் நம் கையால் ஒரு கோடும் இழுக்காதிருத்தல் பெருமையன்று. கேசுதாசர் வண்ணம் சேர்த்தார்; சீனத்தார் திரையை வைத்தனர்; முனிவர் வயலை வைத்தார். நாம் வைத்தது யாது? பழையதைக் கழற்றுதல் எளிது. புதியதை வரைதலே அரிது. யாம் அரியதைச் செய்யாமல் எளியதை வீரம் என்று மயங்கினோம்.

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் ஊர்க்கூட்டம் மீண்டும் கூடியது. யாம் எழுந்து, முன்பு கூறியதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாய்க் கூறி, இவ்வரலாற்றை இயன்றவரை எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். கைப்பேசியில் ரெம்பிராண்டின் படத்தைக் காட்டியபொழுது, 'நம்ம வீட்டுப் பந்தி மாதிரில்ல இருக்கு' என்றார் ஒரு பெரியவர். பதின்மூன்று படங்களுக்கும் புதுக் கண்ணாடியிட்டு மீண்டும் மாட்டுவதென்றும், அழிந்துபோன ஆறாவதை ஊரிலேயே வரைவிப்பதென்றும் முடிவாயிற்று.

ஆறாம் நிலை எதுவென்பதை அன்பர் அறிவர். வெரோனிக்கா என்னும் பெண்மணி பெருமானின் குருதி தோய்ந்த முகத்தைத் துணியால் ஒற்ற, அத்துணியில் அவர் திருமுகம் பதிந்தது என்பர். இது திருமறையில் உள்ளதன்று. மரபு வழி வந்தது. டியூரரும் 1513-ஆம் ஆண்டில், அத்துணியை வானதூதர் இருவர் ஏந்தி நிற்பதாகச் செம்பிற் செதுக்கினார். ஒற்றியெடுத்த முகத்தை, ஒற்றியெடுக்கும் தொழிலோர் விரும்பிச் செதுக்கியது இயல்பே.

கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் எம் ஊர் இளைஞர் ஒருவர் அப்படத்தை வரைந்தார். வெரோனிக்காவின் முகம் எம் ஊர்ப் பெண்டிர் முகம் போன்றே கறுத்திருக்கின்றது. கையிலுள்ள துணிக்குச் சின்னாளபட்டிச் சுங்குடியின் வெண்புள்ளிகளை இட்டுவிட்டார். இருபுறத்துப் பழைய படங்களோடு அது பொருந்தவில்லை என்று முகம் சுளிப்பாரும் உளர். கை சற்றே பிழைபட்டது உண்மை.

திறப்பு நாளன்று அப்பத்தா முதல் நிலையிலிருந்து வழக்கம்போல் விரலுயர்த்திப் படித்து வந்தார். ஆறாவதன் முன் நெடுநேரம் நின்றார். யாம் சற்று அஞ்சினோம். பின்னர் அவர் விரலை உயர்த்தி, "இது நம்ம பக்கத்துப் பொம்பளை போலருக்கு, சீலையக் கிழிச்சுத் தொடைக்கிறா" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, முழந்தாளிட்டு எழுந்து, ஏழாவதற்குச் சென்றார்.